தோளில் ஏற்றும் முன் இறங்கக் கற்பித்தல்: காக்டெய்ல், லவ் பேர்டு அனுபவம்

வளர்ப்புப் பறவையைத் தோளில் அமர விடலாமா என்ற கேள்விக்கு, எங்கள் வீட்டில் உள்ள இரண்டு பறவைகளைக் கொண்டு ஆனி மாதம் முதல் செய்து பார்த்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். ஒன்று காக்டெய்ல் எனப்படும், தலையில் கொண்டையுள்ள சிறு கிளி வகையைச் சேர்ந்த சாம்பல் நிற ஆண் பறவை. அதன் பெயர் முத்து. மற்றொன்று, கடைகளில் ஆப்பிரிக்கன் லவ் பேர்டு என்று விற்கப்படும் வகையைச் சேர்ந்த, முகம் மட்டும் இளஞ்சிவப்பான பெண் பறவை. அதன் பெயர் பவளம். இரண்டும் கூண்டிலேயே பிறந்து, குஞ்சுப் பருவத்தில் கையால் ஊட்டி வளர்க்கப்பட்டவை. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதால், அதை வளர்ப்போருக்கான குறிப்பாக இதைக் கொள்ள வேண்டாம்.

தோளில் ஏற்றவே கூடாது என்போர் வழக்கமாகச் சொல்லும் காரணம், உயரத்தில் அமரும் பறவை தன்னைத் தலைவனாக எண்ணிக்கொள்ளும் என்பதாகும். 1980களிலும் 1990களிலும் வெளிவந்த ஆங்கிலக் கையேடுகள் பலவற்றில் இக்கருத்து உண்டு. என் பறவைகளிடம் நான் கண்டது இதற்கு மாறானது. கூடத்தின் திரைச்சீலைக் கம்பிதான் முத்துவுக்கு எட்டும் மிக உயர்ந்த இடம்; அங்கிருந்து அது அழைத்தவுடன் கைக்கு வந்துவிடும். பவளமோ தரையோடு தரையாக இருக்கும் தன் கூண்டின் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே நீளும் எந்த விரலையும் கடிக்கும். கடியை முடிவு செய்வது உயரமன்று. அந்த இடத்தைப் பறவை தன்னுடையதாகக் கொண்டிருக்கிறதா, அங்கிருந்து நகர்வதில் அதற்கு ஏதாவது நன்மை உண்டா என்பவையே முடிவு செய்கின்றன. பருந்துக்கும் வல்லூறுக்கும் இரையாகக்கூடிய உயிரினம் உயரமான, சுற்றிலும் பார்வை எட்டும் இடத்தைத் தேடுவது இயல்பு. அதில் ஆணவத்தைக் காண்பது நம் கற்பனை என்றே நினைக்கிறேன்.

தோளில் உள்ள உண்மையான சிக்கல், பறவையின் முகம் நமக்குத் தெரியாது என்பதே. காக்டெய்லின் மனநிலையை அதன் கொண்டையைப் பார்த்தே அறியலாம். சற்றே பின்சாய்ந்து தளர்வாக இருந்தால் அமைதி. செங்குத்தாக நின்றால் திகைப்பு. தலையோடு ஒட்டப் படிந்து, அதனுடன் சீறலும் சேர்ந்தால் அடுத்து வருவது கடி. கையில் இருக்கும் பறவையிடம் இந்த மாற்றங்கள் அனைத்தையும் முன்கூட்டியே பார்த்துவிடலாம். தோளில் இருக்கும்போது இவற்றில் ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் காதும் கன்னமும் கண்ணும் அலகுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சுமார் 90 கிராம் எடையுள்ள காக்டெய்ல் கடித்தால் தோல் கிழியலாம். மக்காவ் போன்ற பெரிய கிளி முகத்தைக் கடித்தால் தையல் போட வேண்டிய காயமே ஆகும். எனவே பெரிய கிளிகளைத் தோளில் ஏற்றுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தக் காரணத்தால் ஆனி மாதம் முழுவதும் முத்துவைத் தோளுக்கு அனுப்பவில்லை. இறங்குவதை மட்டுமே பழக்கினேன். இதைத் தூண்டியவர் அம்மா. முத்து கையிலிருந்து தோளை நோக்கி நடக்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, "ஏறுறதை யாரும் சொல்லித் தர வேண்டாம்டா, அது தானா ஏறிடும். இறங்கு-ன்னு சொன்னா இறங்குதான்னு முதல்ல பாரு" என்றார். நான் பின்பற்றிய வரிசை அந்தச் சொல்லிலிருந்தே வந்தது.

பயிற்சிக்குத் தேவைப்பட்டவை மிகக் குறைவு: ஓர் ஐஸ் குச்சி, பறவை அமர்வதற்காகக் கொய்யாக் கிளையால் செய்த ஒரு தாங்கி, அழுத்தினால் சொடுக்கென ஒலிக்கும் சிறு கருவி, தினைக்கதிர். குச்சியின் நுனியை அலகால் தொட்டால் சொடுக்கு ஒலிக்கும். உடனே ஓரிரு தினை மணிகள் கிடைக்கும். ஒலிக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பைப் பறவை புரிந்துகொண்ட பிறகு, குச்சி எங்கே போகிறதோ அங்கே அது தானாகவே நடந்து வரும். விரலால் வயிற்றைத் தள்ளும் தேவையே எழாது. (புனத்தில் தினை காக்கும் மகளிர் கிளிகளை விரட்டுவதற்கென்றே தழல், தட்டை என்று கருவிகள் வைத்திருந்ததாகச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன; கிளி இனத்திற்குத் தினையின் மேல் உள்ள விருப்பத்திற்கு அதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியாது.) காக்டெய்ல் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளிலிருந்து வந்த விதையுண்ணி என்பதால், அதற்கும் தினைக்கதிரைவிடப் பெரிய பரிசு இல்லை. இதன் பொருட்டே அன்றாட உணவிலிருந்து தினையை நீக்கி, பயிற்சியின்போது மட்டும் கொடுத்தேன்.

முதலில் கையிலிருந்து தாங்கிக்கும், பிறகு முன்கையிலிருந்து தாங்கிக்கும், அதன்பின் முழங்கைக்கு மேலிருந்து தாங்கிக்கும் இறங்கக் கற்றது. ஆடி மாதத்தில்தான் தோளுக்கு வந்தது. அப்போது ஒரு புதிய சிக்கல் தோன்றியது. கையை நீட்டியவுடன் முத்து கழுத்தைச் சுற்றிப் பின்புறம் நகர்ந்து, இரு தோள்களுக்கும் நடுவே, கை எட்டாத இடத்தில் போய் நின்றுகொள்ளும். பறவை வளர்ப்போர் பெரும்பாலோர் இதைப் பிடிவாதம் என்பார்கள். நான் சில நாட்கள் கவனித்த பிறகு, காலையில் நடக்காத இந்த ஓட்டம் மாலையில் மட்டுமே நடப்பதைக் கண்டேன். காலையில் தோளிலிருந்து இறங்கினால் தாங்கிக்குப் போய், மீண்டும் கைக்கு வரலாம். மாலையிலோ தோளிலிருந்து இறங்கினால் கூண்டுதான். இறங்குவது என்றால் விளையாட்டு முடிந்துவிட்டது என்பதை அது மிகச் சரியாகக் கணித்திருந்தது.

எனவே இறங்குவதன் பொருளை மாற்றினேன். மாலையிலும் இறங்கியவுடன் தினை கொடுத்து, அப்படியே மீண்டும் தோளுக்கு ஏற்றினேன். கூண்டுக்கு அனுப்ப வேண்டிய வேளையில், தோளிலிருந்து நேராக அனுப்பாமல், முதலில் தாங்கிக்கு இறக்கி, அங்கே சற்று நேரம் விளையாட விட்டு, பிறகு கூண்டினுள் முருங்கைக்கீரைக் கொத்தைத் தொங்கவிட்டு உள்ளே அழைத்தேன். ஆவணி மாதத்திற்குள் முதுகுப்பக்க ஓட்டம் நின்றுவிட்டது. இந்தப் பதிவில் உள்ள எல்லாவற்றிலும் பயன் மிகுந்தது இந்த ஒரு மாற்றமே என்று உறுதியாகச் சொல்வேன். இறங்க மறுக்கும் பறவையிடம் கையைப் பின்னால் வளைத்துத் துழாவுவது, கடியைக் கேட்டு வாங்குவதற்குச் சமம். தோளை உலுக்கி விழச் செய்வதோ அதைவிடத் தீங்கானது. இறக்கை கத்தரிக்கப்பட்ட பறவை என்றால் அந்த உயரத்திலிருந்து பறந்து இறங்க முடியாமல் விழும். மார்பெலும்பின் முனை தரையில் மோதித் தோல் பிளந்த பறவைகளைச் சந்தையில் பார்த்திருக்கிறேன். முத்துவின் இறக்கையை நான் கத்தரிக்கவில்லை.

அதன் விளைவாக வரும் பொறுப்பு மின்விசிறி. தோளில் இருக்கும் பறவை திடுக்கிட்டால் மேல்நோக்கித்தான் எழும்பும். நம் வீடுகளில் தலைக்கு மேலே சுழல்வது மின்விசிறி. குக்கரின் விசில் ஒன்றே போதும், பறவை அப்படி எழும்புவதற்கு. எனவே தோள் பயிற்சி எங்கள் வீட்டில் விடியற்காலையிலும் வெயில் தணிந்த மாலையிலும் மட்டுமே நடக்கிறது. அந்நேரத்தில் விசிறியின் சுவிட்சின் மேல் ஒட்டுநாடா ஒட்டப்பட்டிருக்கும், சன்னல்களின் கொசுவலை மூடியிருக்கும், அடுப்பு எரியாது. சமையலறைக்குள் தோளில் பறவையுடன் நுழைவது எங்கள் வீட்டில் முற்றிலும் விலக்கப்பட்டது. கொதிக்கும் எண்ணெய் ஒரு காரணம். ஒட்டாத பூச்சுள்ள தவா அளவுக்கு மீறிச் சூடானால் வெளிவரும் வாயு பறவையின் நுரையீரலைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும் என்பது இன்னொன்று. அந்தத் தவாவை மாற்றி இரும்புக் கல்லுக்கு வந்துவிட்டோம். காபி குடிக்கும்போதும் பறவை தோளில் இருக்கக் கூடாது. டம்ளரின் விளிம்புக்கு அது எளிதில் இறங்கிவிடும். காபியில் உள்ள கஃபீன் பறவைக்கு நஞ்சு.

தோளில் இருக்கும்போது கொண்டையைப் பார்க்க என்ன வழி என்று தேடியபோது, பீரோவின் நிலைக்கண்ணாடி முன் நின்று பார்த்தேன். முத்து கண்ணாடியில் தெரிந்த உருவத்தைப் பார்த்து இறக்கைகளைத் தோள்பட்டையிலிருந்து சற்றே விலக்கி, சீட்டியடித்துப் பாடத் தொடங்கியது. ஆண் காக்டெய்ல் இணையை அழைக்கும் முறை அது. இந்த ஆர்வம் வளர்ந்தால் கண்ணாடியைக் காக்கும் முரட்டுத்தனமாக மாறும் என்பதால் அவ்வழியைக் கைவிட்டேன். இப்போது எதிரே அம்மா அமர்ந்து, கொண்டையின் நிலையைச் சொல்கிறார். தனியாக இருக்கும் நேரங்களில் கைப்பேசியின் முன்கேமராவைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்கிறேன்; திரையின் சிறிய உருவத்தை முத்து பொருட்படுத்துவதில்லை.

பவளத்தின் கதை வேறு. இறங்கும் பயிற்சியை அது முத்துவைவிட விரைவாகவே கற்றது; ஐம்பது கிராம் எடையுள்ள அந்த உடலில் இருக்கும் கூர்மை வியப்பூட்டுவது. ஆயினும் தோளில் ஏறிய முதல் வாரத்திலேயே அது சட்டைக் காலருக்குள் தலையை நுழைக்கத் தொடங்கியது. அடுத்து, மேசையில் இருந்த தாளை நீளமான கீற்றுகளாகக் கத்தரித்து, தன் அடிமுதுகு இறகுகளுக்குள் செருகிக்கொண்டு வந்து, காலருக்குள் இறங்க முயன்றது. இந்த வகையின் பெண் பறவைகள் கூட்டுப் பொருளை இறகுகளுக்குள் செருகிச் சுமப்பதும், ஃபிஷர் என்னும் மற்றொரு லவ் பேர்டு வகை அலகில் ஏந்திச் செல்வதும், கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டில்கர் ஆராய்ந்து 1962இல் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்ற செய்திகள். ஆகவே பவளம் செய்தது கொஞ்சல் அன்று. என் கழுத்தோரத்தின் இருண்ட, வெதுவெதுப்பான இடைவெளியை அது கூடுகட்டும் பொந்தாகத் தேர்ந்தெடுத்துவிட்டது.

அதன்பின் கடித்ததில் வியப்பில்லை. பொந்தைக் காக்கும் பெண் பறவை கடிக்கத்தான் செய்யும். கடியைவிட எனக்குக் கவலை தந்தது அதன் உடல்நலம். கூடு கிடைத்துவிட்டதாக நம்பும் பெண் பறவை, ஆண் துணை இல்லாமலேயே முட்டையிடத் தொடங்கும். அடுத்தடுத்து இடும்போது உடலின் சுண்ணாம்புச் சத்து கரைந்து, முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்து நேரும். பவளத்தைத் தோளிலிருந்து முழுமையாக விலக்கினேன். தாள்களை எடுத்து வைத்தேன்; கூண்டின் இருண்ட மூலைகளை வெளிச்சமாக்கினேன்; சுண்ணாம்புச் சத்துக்காகக் கடல்நுரை எனப்படும் கணவாய் ஓட்டைப் புதிதாகத் தொங்கவிட்டேன்; முதுகை வருடாமல் தலையையும் கன்னத்தையும் மட்டும் சொறிந்துவிட்டேன். புரட்டாசி முடிவதற்குள் அந்த வேகம் தணிந்தது. இப்போது பவளம் என் முன்கையிலும் மணிக்கட்டிலும் அமர்கிறது. அதன் முகம் எனக்குத் தெரிகிறது, என் காலர் அதற்கு எட்டுவதில்லை. அதற்கு இதுவே நல்ல இடம். தோளை மீண்டும் தரும் எண்ணம் எனக்கு இல்லை.

ஐப்பசியில் தீபாவளிக்கு முன்னும் பின்னுமாக முத்துவுக்கும் தோள் இல்லை. வெடிச்சத்தத்தின்போது காக்டெய்ல் எந்தத் திசையில் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. இருட்டில் கூண்டுக்குள்ளேயே பதறி அடித்துக்கொள்ளும் பழக்கமும் இவ்வகைக்கு உண்டு. கூண்டின் மூன்று பக்கங்களைக் காடாத்துணியால் மூடி, மெல்லிய விளக்கொன்றை எரியவிட்டு, அருகில் அமர்ந்திருந்தேன். மழை தொடங்கிய பிறகு பயிற்சியை முன்கையிலிருந்து மறுபடி தொடங்கி, படிப்படியாக மேலே கொண்டுவந்தேன். இறங்கும் சொல்லை அது மறக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் சன்னல் கம்பியில் காகம் வந்து உட்கார்ந்தது. முத்து என் தோளில் இருந்தது. எதிரே இருந்த அம்மா, "கொண்டை நிக்குதுடா" என்று சொன்னவுடன், முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு குச்சியை மார்புக்கு நேராக நீட்டினேன். அது குச்சியைத் தொட்டு, முன்கைக்கு இறங்கி, அங்கிருந்து காகத்தைப் பார்த்துச் சீறியது. அச்சத்தின் நடுவிலும் குச்சியைத் தேடியது என்பதுதான் இத்தனை மாதப் பயிற்சியில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நம்பிக்கை.

சில சிறிய ஏற்பாடுகளையும் குறிப்பிட வேண்டும். எச்சத்திற்காகத் தோளில் போடும் துணி தேங்காய்ப்பூத் துண்டாக இருக்கக் கூடாது. அதன் நூல் வளையங்களில் நகம் சிக்கும். பழைய வேட்டித் துணி போதும். காதணி, சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். மலிவான அணிகளில் ஈயமோ துத்தநாகமோ இருக்கலாம், பறவை அவற்றைக் கடித்துச் சுரண்டும். நம் எச்சிலில் உள்ள நுண்கிருமிகள் பறவைக்கு ஆகாதவை என்பதால் உதட்டருகே அலகை வர விடுவதில்லை. காக்டெய்லின் உடலிலிருந்து வெண்ணிறத் தூள் ஓயாமல் உதிரும்; ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அதை மூக்கருகே தோளில் வைப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. உதிர்ந்த எச்சம் காய்ந்து தூளாகும் முன் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். பறவையிடமிருந்து மனிதருக்குப் பரவும் சிட்டகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் அத்தூளின் வழியே வரக்கூடும்.

முத்து இப்போது இறகு உதிர்க்கும் பருவத்தில் இருக்கிறது. புதிதாக முளைக்கும் இறகுக் குருத்துகளைத் தொட்டாலே வலிக்கும் என்பதால், தோளில் இருக்கும் நேரத்தைக் குறைத்திருக்கிறேன். இறகு முற்றிய பிறகு, நான் அறையில் இல்லாதபோதும் அம்மாவின் சொல்லுக்கு அது இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அம்மாவும் ஜிமிக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, முன்கையிலிருந்து தொடங்குவதற்கு இசைந்திருக்கிறார்.