பாதியில் நின்ற சண்டை
டோக்கியோவில் 1975இல் தொடங்கிய காமிக்கெட் சந்தையில், அனிமே நாயகர்களைக் கிண்டலடித்து ரசிகர்களே வெளியிடும் டோஜின்ஷி படக்கதைகளோடு அவர்கள் உருவாக்கிய கணினிச் சண்டை விளையாட்டுகளும் விற்பனைக்கு வருகின்றன. அத்தகைய படக்கதைகளின் பாதிப்பில், எலெக்பைட் குழு 1999இல் வெளியிட்ட, சண்டை விளையாட்டுகளை உருவாக்க உதவும் முகென் மென்பொருளைக் கொண்டு ஒருவர் தொடங்கிக் கைவிட்ட விளையாட்டொன்றை அண்மையில் விளையாடிப் பார்த்தேன்.

அடிவாங்கும்போது நாயகன் உதிர்க்கும் அசட்டுச் சிரிப்பை அவ்வளவு அக்கறையோடு வரைந்தவர், பல அசைவுகளுக்குத் தாக்குதல் எல்லையைக் குறிக்கும் சிவப்புப் பெட்டிகளைப் போடவே இல்லை. சிவப்புப் பெட்டி எதிராளியின் உடலைச் சுற்றியுள்ள நீலப் பெட்டியைத் தொட்டால்தான் அடி விழுந்ததாக முகென் கணக்கில் கொள்ளும் என்பதால், ஓங்கி விட்ட உதை உடலை ஊடுருவிச் சென்றும் எதிராளி அசையாமல் நிற்கிறான். படத்துக்குப் படம் பெட்டி வரைவது சலிப்பூட்டும் வேலைதான் (வரைகிற சுகம் அதில் ஏது?). என்னைக் கேட்டால், கதாபாத்திரங்களை இரண்டோடு நிறுத்தியிருந்தால் அவர் இதை முடித்திருப்பார்.