மாசி கொண்டு வரலாமா

ஜனவரி 27, 2017, வெள்ளி
டிரம்ப் கையெழுத்துப் போட்டாயிற்று. ஈரான், இராக், சிரியா, ஏமன், லிபியா, சோமாலியா, சூடான். இந்த ஏழு நாட்டுக்காரர்கள் 90 நாள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது. நம்ம நாட்டுப் பெயர் இல்லை, மூன்று தடவை படித்துவிட்டேன், அப்படியும் போனில் இருக்கிற உம்மாவின் விசா போட்டோவைத் திறந்து தேதி பார்த்தேன். காயல்பட்டினத்தில் விடிந்ததும் உம்மா போன். கேட்டது ஒரே கேள்வி, மாசிக் கருவாடு கொண்டு வரலாமா.

ஜனவரி 28
ஜேஎஃப்கே ஏர்போர்ட்டில் தடையை எதிர்த்து ஒரே கூட்டம், டாக்சிக்காரர்களும் ஒரு மணி நேரம் ஆள் ஏற்றவில்லை. ராத்திரி இங்கே புரூக்ளின் கோர்ட்டில்தான் ஒரு பெண் நீதிபதி, ஏர்போர்ட்டில் பிடித்து வைத்தவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்றார். சின்னவன் டைனிங் டேபிள் முழுக்க வயர் பரப்பி வைத்திருக்கிறான்.

ஜனவரி 30
நேற்று ராத்திரி கனடாவில், கியூபெக்கில், பள்ளிவாசலுக்குள், ஆறு பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டான் ஒருவன். இவர் பஜ்ர் தொழுகைக்குப் போய்த் திரும்புகிற வரை ஜன்னலிலேயே நின்றேன்.

பிப்ரவரி 2
கீழே ஏமன்காரர் கடை மதியம் 12 மணிக்கு ஷட்டர் இறக்கிவிட்டது. தடையை எதிர்த்து நியூயார்க் முழுக்க ஏமன்காரர்கள் ராத்திரி எட்டு வரை கடையடைப்பு. பனிப்புயலிலும் முட்டை கொடுத்த கடை, அதன் ஷட்டர் என்ன நிறம் என்றே இன்றைக்குத்தான் தெரிந்தது. ஏமன் தலைநகர் சனாவில் அமெரிக்கத் தூதரகம் 2015-லேயே மூடிவிட்டதால் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஜிபூட்டியில் வாடகைக்கு ரூம் எடுத்து விசாவுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள், இங்கே பால் விற்கிற காசு அங்கே வாடகைக்குப் போகிறது. சாயங்காலம் புரூக்ளின் போரோ ஹால் கட்டடம் முன்னால் வெட்டவெளியில் தொழுதார்கள். நான் போகவில்லை. குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 4
சியாட்டில் நீதிபதி அந்தத் தடையை நாடு முழுக்க நிறுத்தி வைத்துவிட்டார். ஏமன்காரர் விடிய விடிய டிக்கெட் தேடியிருக்கிறார், மீதிச் சில்லறை இரண்டு தடவை கொடுத்தார்.

பிப்ரவரி 12
நாளை சின்னவனுக்கு சயின்ஸ் ஃபேர். மண் காய்ந்தால் தானாகத் தண்ணீர் விடுகிற கருவி. ஒரு பேட்டரி, குட்டி மோட்டார், சிவப்பு வயர், கறுப்பு வயர், எல்லாம் ஷூ டப்பாவுக்குள். 'அவரை விதை முளைக்கிறதைக் காட்டினால் போதாதா வாப்பா' என்றேன். 'அது செகண்ட் கிரேட்மா' என்றான். டெக்சாஸில் கடிகாரம் செய்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், அதை வெடிகுண்டு என்று சந்தேகித்துப் பிடித்த முஸ்லிம் பையன் விலங்கோடு நின்ற போட்டோ நினைவுக்கு வந்தது, 2015, நாசா டிஷர்ட், 14 வயது. இவனுக்குப் 12. அந்த டப்பாவை மூடாமல் கொண்டுபோ, பஸ்ஸில் மடியிலேயே வை, யாராவது கேட்டால் முதலில் 'செடி' என்று சொல், இப்படி நான் அடுக்கிக்கொண்டே போக, அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'டேவிட்கிட்ட கொடுத்து எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?' என்று கேட்டான். அவன் டீச்சர் நல்லவர், ஒரு வார்த்தை தப்பாகப் பேசினதில்லை. இதெல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

பிப்ரவரி 13
டேவிட் வேண்டாம் என்றேன். அவனே எடுத்துப் போனான். மூன்று மணி வரை சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 24
கான்சாஸில் ஹைதராபாத் இன்ஜினியரை ஈரான்காரர் என்று நினைத்து ஒருவன் சுட்டுவிட்டான், 'என் நாட்டை விட்டுப் போ' என்று கத்தியிருக்கிறான். அவர் முஸ்லிமே இல்லை. 'ஏழு நாடுதானே, உங்களுக்கென்ன' என்று போன மாதம் இவரிடம் சொன்ன தெலுங்கு நண்பர் இன்று போன் பண்ணி, கடையில் வைத்துத் தெலுங்கு பேசாதே என்று அம்மாவிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

பிப்ரவரி 26
உம்மாவுக்கு நாளை மறுநாள் ஃப்ளைட். மாசி கட்டை கட்டையாக இருக்கும், ஸ்கேனில் என்னவோ ஏதோ என்று நினைத்துவிடப் போகிறார்கள், வேண்டாம் உம்மா என்று நேற்றும் சொன்னேன். சரி என்றார்கள். இன்று சொல்கிறார்கள், எல்லாவற்றையும் இடித்துப் பொடியாக்கி, லேபிள் இல்லாத பாட்டிலில் அடைத்துவிட்டார்களாம்.