ஈரல் கெட்டவருக்குப் பச்சைச் சிப்பி ஆகாது

எலுமிச்சை பிழிந்தால் கிருமி செத்துவிடும், கார சாஸ் ஊற்றினால் செத்துவிடும், கூடவே ஒரு பெக் போட்டால் ஒன்றும் செய்யாது. மெக்சிகோ வளைகுடாக் கரையோரத்தில் சிப்பியைப் பச்சையாகத் தின்பவர்கள் சொல்வது இது. மூன்றும் பொய்.

அந்தக் கிருமியின் பெயர் விப்ரியோ வல்னிபிகஸ், காலராக் கிருமிக்குப் பங்காளி. உப்புக் குறைந்த முகத்துவார நீரில் வாழும். நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பெருகும். சாக்கடை கலக்காத நீரிலும் இருக்கும். சிப்பி நீரை வடிகட்டித் தின்பதால் அதற்குள் சேர்ந்துவிடுகிறது. நிறம், மணம், சுவை எதுவும் மாறாது.

நல்ல ஈரல் உள்ளவருக்குப் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடும். சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறிக் கெடும் நோய், வந்தவருக்குக் கதை வேறு. குடலிலிருந்து வரும் கிருமிகளைப் பிடிக்கவேண்டிய ஈரலைச் சுற்றிக்கொண்டு ரத்தம் குறுக்குவழியில் ஓடுகிறது. இரும்பைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற ஹார்மோனும் ஈரலில் சரியாகச் சுரப்பதில்லை; ரத்தத்தில் மிஞ்சும் இரும்புதான் இந்தக் கிருமிக்குத் தீனி. ரத்தத்தில் பரவிவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைப்பதில்லை.

பெரும்பாலும் சாப்பிட்ட ஓரிரு நாளில் குளிர்நடுக்கம், மயக்கம், கால்வலி. தோலில் தெரிவதைவிட வலி பல மடங்கு இருக்கும். பிறகுதான் ஊதா நிற ரத்தக் கொப்புளம். சிரோசிஸ்காரருக்குச் சில சமயம் காய்ச்சலே ஏறாது, பிரஷரும் எப்போதும் குறைவாகவே இருக்கும். அதனால்தான் தவறவிடுகிறார்கள். வலிக்கு இபுப்ரோஃபென் போடாதீர்கள், கிட்னி போய்விடும். அவசரப் பிரிவில் முதல் வாக்கியமே "ஈரல் நோய் இருக்கிறது, பச்சைச் சிப்பி சாப்பிட்டேன்" என்று இருக்கட்டும். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 100 மி.கி. டாக்ஸிசைக்ளினும் செஃப்டாசிடிம் அல்லது செஃப்ட்ரியாக்ஸோனும் என இரண்டு ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். சதை அழுகத் தொடங்கியிருந்தால் அன்றே அறுவை.

2003-ல் கலிபோர்னியா, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பிடித்த வளைகுடாச் சிப்பியைக் கிருமி நீக்காமல் பச்சையாக விற்கத் தடை போட்டது. அங்கே இந்தச் சாவுகள் அநேகமாக நின்றன.

சமைப்பதானால், ஓடு திறந்த பிறகும் 3 முதல் 5 நிமிடம் கொதிக்கவேண்டும். ஆவியில் என்றால் 4 முதல் 9 நிமிடம். சின்னப் பாத்திரத்தில் திணித்தால் நடுவில் உள்ளவை வேகாது. திறக்காததைத் தூக்கிப் போடுங்கள். காலில் புண் இருந்தால் இந்தக் கிருமி வாழும் முகத்துவார நீரில் இறங்கவும் கூடாது. கிருமிக்கு அதுவும் ஒரு வாசல்.