மேயோ மேட்ச் பாக்கப் போன கதை: ரெண்டு பயணம், ரெண்டு தோல்வி, ஒரு ஃப்ளாஸ்க் டீ

2025 மே மாசம் வரைக்கும் கேலிக் ஃபுட்பால்னா என்னன்னே எனக்குத் தெரியாது. டப்ளின் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, வேலை, ரூம், மழை, சனிக்கிழமையானா இந்தியன் கடைல கறிவேப்பிலை, அவ்ளோதான் நம்ம அயர்லாந்து. எங்க டீம்ல ஒரு பெரியவர் இருக்காரு, அறுபதைத் தொடப் போறவர், மேற்கு ஓரத்துல இருக்குற மேயோ கவுன்ட்டிக்காரர், கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. ஆபீஸ்ல எல்லாரும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, எனக்கு மட்டும் வாய் வராது, அதனால இந்தப் பதிவு முழுக்க அங்கிள்தான். திங்கக்கிழமை காலைல அவர் மூஞ்சியைப் பாத்தே முந்தின நாள் மேயோ ஜெயிச்சுதா தோத்துதான்னு செக்யூரிட்டி கூட சொல்லிடுவாரு. ஒரு நாள் காபி மெஷின் பக்கத்துல நின்னு சும்மா கேட்டேன், அப்படி என்னதான் சார் இருக்கு அதுலன்னு. "வந்து பாரு, நீயும் எங்களோட சேர்ந்து கஷ்டப்படு"ன்னாரு. அப்படித்தான் மாட்டினேன்.

முதல் பயணம் ட்ரெயின்ல. டப்ளின் ஹூஸ்டன் ஸ்டேஷன்ல வெஸ்ட்போர்ட் வண்டி ஏறினா மேயோவுல இருக்குற காசில்பார் போக சுமார் மூணு மணி நேரம் ஆகும். ஆத்லோன்ல ஷானன் ஆத்தைத் தாண்டினதும் வண்டியோட மூடே மாறிடுது, சின்னச் சின்ன ஸ்டேஷன், கல் அடுக்கின வேலி, அதுக்குள்ள ஆடு, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் பச்சை சிவப்பு ஜெர்சி போட்ட ரெண்டு பேர் ஏறுறாங்க, கிளேர்மோரிஸ் வர்றப்ப பெட்டியே பச்சை சிவப்பா ஆயிடுச்சு. எதிர் சீட்டுல ஒரு பாட்டி, என் பையில எந்தக் கலரும் இல்லைன்னு பாத்துட்டு நீ யாருக்கு சப்போர்ட்னு கேட்டாங்க. இப்பதான் புதுசா மேயோன்னேன். பாட்டி பிள்ளைக்குக் காய்ச்சல்னு கேட்ட மாதிரி ஐயோன்னு சொல்லி ஒரு பிஸ்கட் குடுத்தாங்க.

காசில்பார்ல அங்கிள் கார்ல காத்துட்டு இருந்தாரு. கார் டிக்கியைத் திறந்தா அதான் டைனிங் டேபிள், ஃப்ளாஸ்க்ல டீ, அலுமினியத் தாள்ல சுத்தின சாண்ட்விச், இங்க மேட்ச்னா பாதிப் பேர் இப்படித்தான் பார்க்கிங்ல நின்னே சாப்பிடுறாங்க. எனக்குன்னு முட்டை சாண்ட்விச் தனியா பண்ணிக் குடுத்திருந்தாங்க அவங்க அண்ணி, அதுக்காகவே மேயோ ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டேன்.

ஆட்டத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடுறேன், இல்லன்னா கீழ வர்ற புலம்பல் புரியாது. ஒரு பக்கம் 15 பேர். உருண்டைப் பந்து, கையாலயும் பிடிக்கலாம் காலாலயும் உதைக்கலாம், ஆனா கையில வெச்சுக்கிட்டு நாலு அடிக்கு மேல ஓட முடியாது, ஒரு தட்டு தரையில தட்டணும் இல்லன்னா கால் விரல்ல உதைச்சு திரும்ப கைக்கே எடுக்கணும், இதை முழு ஓட்டத்துல பண்றாங்க. போஸ்ட் ஹெச் எழுத்து மாதிரி, கீழ வலைக்குள்ள போனா கோல், அதுக்கு 3 பாயிண்ட், மேல கம்புக்கு நடுவுல போனா 1. 2025ல புதுசா ரூல் கொண்டு வந்து, 40 மீட்டர் கோட்டுக்கு வெளிய இருந்து அடிச்சா 2 பாயிண்ட்னு ஆக்கிட்டாங்க. போஸ்ட் பக்கத்துல வெள்ளைக் கோட்டு போட்ட பெரியவங்க நின்னு கொடி காட்டுவாங்க, கோலுக்குப் பச்சை, ஒத்தைப் பாயிண்டுக்கு வெள்ளை, ரெண்டுக்கு ஆரஞ்சு. முதல்ல அவங்களைப் பாத்து கசாப்புக் கடைக்காரங்க ஏன் கிரவுண்டுக்குள்ள நிக்கிறாங்கன்னு நெனச்சேன்.

முக்கியமான விஷயம், இவங்க யாருக்கும் ஆடுறதுக்குச் சம்பளம் கிடையாது. ஸ்கூல் வாத்தியார், போலீஸ், விவசாயம் பண்றவர், திங்கக்கிழமை எல்லாரும் வேலைக்குப் போகணும். பொறந்த ஊர், வளர்ந்த கிளப், அதை வெச்சுத்தான் கவுன்ட்டி டீம். ஏலம் கிடையாது, இவனைத் தூக்கிட்டு அவனைப் போடுன்னு வெளியூர்ல இருந்து ஆள் வாங்க முடியாது. மேயோ மொத்த ஜனத்தொகையே ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்தான், அதுக்குள்ளதான் தேடணும்.

அப்ப இந்த மேயோவோட கதை என்னன்னா, கவுன்ட்டிகளுக்குள்ள நடக்குற ஆல் அயர்லாந்து கப்பைக் கடைசியா ஜெயிச்சது 1951. சாம் மக்வயர் கப்னு பேரு, இவங்க செல்லமா சாம்னு ஏதோ வெளியூர் போன தம்பி மாதிரி சொல்லுவாங்க. 1989ல இருந்து 2021 வரைக்கும் 11 ஃபைனல் போயிருக்காங்க. பதினொண்ணும் தோல்வி. நான் சிரிச்சேன், அங்கிள் சிரிக்கல. 1996ல மீத் கவுன்ட்டி கூட டிரா ஆகி, ரீப்ளேல ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே பெரிய கைகலப்பு, ரெண்டு பக்கமும் ஒருத்தரை வெளிய அனுப்பி கடைசில தோல்வி. 2013ல டப்ளின்கிட்ட ஒரு பாயிண்ட்ல. 2016ல அதே டப்ளின் கூட முதல் பாதியில மேயோ ஆளுங்களே சொந்த வலைக்குள்ள ரெண்டு கோல் போட்டுக்கிட்டாங்க, அப்படியும் மேட்சை டிரா பண்ணிட்டாங்க பாருங்க, அங்கதான் நான் ஃபேன் ஆனேன்னு நெனைக்கிறேன், அப்புறம் ரீப்ளேல ஒரு பாயிண்ட்ல தோல்வி. 2017ல திரும்ப ஒரு பாயிண்ட், கடைசி ஃப்ரீ கிக்கை டப்ளின் டீன் ராக் அடிக்க வர்றப்ப மேயோ லீ கீகன் தன் உடம்புல மாட்டியிருந்த ஜிபிஎஸ் மெஷினையே கழட்டி அவர் மேல விட்டெறிஞ்சாரு, அப்படியும் பந்து உள்ள போயிடுச்சு. 2020ல காலி ஸ்டேடியத்துல ஆட்டம் ஆரம்பிச்சு 13 செகண்ட்ல கோல் வாங்கினாங்க. எய்டன் ஓஷேன்னு ஒரு ஆஜானுபாகு இருக்காரு, 2009ல இருந்து ஆடுறாரு, 2012க்கு அப்புறம் வந்த ஃபைனல் எல்லாத்துலயும் இருந்திருக்காரு, மெடல் மட்டும் இல்ல. பெங்களூர்க்காரங்க 18 வருஷத்துக்கு ஈ சாலா ஈ சாலான்னு அழுததைக் கிண்டல் பண்ணினவன் நான். வாயைக் கழுவிக்கணும்.

சரி காசில்பார் மேட்சுக்கு வர்றேன். ஆல் அயர்லாந்து குரூப் ஆட்டம், எதிர் டீம் கேவன் கவுன்ட்டி. கேவன்காரங்க கடைசியா ஆல் அயர்லாந்து ஜெயிச்சது 1952, அதாவது மேயோவுக்கு அடுத்த வருஷம், ஆக அன்னைக்கு மக்ஹேல் பார்க் கிரவுண்ட்ல ரெண்டு பக்கமும் எழுபது வருஷப் பசி. ஆனா கேவன் அந்தக் குரூப்புல யாரும் பயப்படுற டீம் இல்ல, ரெண்டு வாரம் முன்னாடி மேற்கு மாகாணமான கனாக்ட்டோட ஃபைனல்ல கால்வேகிட்ட ரெண்டு பாயிண்ட்ல தோத்த கடுப்பைத் தீத்துக்க வசதியான மேட்ச்னுதான் பக்கத்துல எல்லாரும் பேசினாங்க. அங்கிள் மட்டும் பேசல. "வசதியான மேட்ச்ங்கிற வார்த்தையே மேயோவுல ஆகாது"ன்னு ஒரே வரி.

அவர் சொன்னதுதான் நடந்துச்சு. தோத்துட்டாங்க, சொந்த கிரவுண்ட்ல. எனக்கு நுணுக்கம் தெரியாது, ஆனா பந்தைக் கையில வெச்சுக்கிட்டு பக்கவாட்டுல பக்கவாட்டுல குடுத்துக்கிட்டே இருந்தாங்க, யாராவது அடிங்கப்பான்னு கத்தணும் போல இருந்துச்சு. நான் கத்தல, எனக்கு முன்னாடி இருந்த பாதிரியார் கத்தினாரு, அவர் கத்தினதை இங்க எழுத முடியாது. மேட்ச் முடிஞ்சதும் ஆச்சரியம், கேவன்காரங்களும் மேயோக்காரங்களும் கலந்துதான் உக்காந்திருந்தாங்க, இங்க ரசிகர்களைப் பிரிச்சு வேலி போடுற பழக்கமே இல்ல, பக்கத்து கேவன் தாத்தா அங்கிள் கையைப் பிடிச்சு "உங்களுக்கும் ஒரு நாள் வரும்"னாரு. அங்கிள் முகம் சுருங்கிப் போச்சு. நம்ம கல்யாண வீட்ல முப்பதைத் தாண்டின பையன்கிட்ட சொல்ற அதே டோன்.

மறுநாள் லீவு போட்டிருந்தேன், அங்கிள் ஃபாக்ஸ்ஃபோர்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. மோய் ஆத்தங்கரைல சின்ன ஊர், சால்மன் மீன் பிடிக்கிறவங்க இடுப்பளவு தண்ணில நிக்கிறாங்க, 1892ல கன்னியாஸ்திரிகள் ஆரம்பிச்ச கம்பளி மில் ஒண்ணு இன்னும் ஓடுது, விலையைப் பாத்து ஒரு போர்வையைத் தடவிட்டு வெச்சுட்டேன். சாபம் பொறந்த ஊர் இதுதான். 1951ல கப்போட லாரில வந்த டீம் இந்த ஊர்ல ஒரு சாவு ஊர்வலத்தைக் கண்டுக்காம கொண்டாடிக்கிட்டே போச்சாம், கோவப்பட்ட பாதிரியார் இந்த டீம்ல இருக்குற கடைசி ஆள் சாகுற வரைக்கும் மேயோ திரும்ப ஜெயிக்காதுன்னு சொன்னாராம். கேக்க நல்லா இருக்கு. நான் கேட்டதும் அங்கிளுக்கு சுர்ருன்னு வந்துடுச்சு. அதெல்லாம் பேப்பர்காரங்க ஃபைனல் வாரத்துல பக்கம் ரொப்புறதுக்குன்னாரு. "ஆட்டத்தை முடிக்கத் தெரியலன்னா அதுக்குப் பாதிரியார் என்ன பண்ணுவாரு?"

ஆனா கணக்குப் போட்டுப் பாத்தா இன்னொரு விஷயம் இருக்கு. 1951 டீம்ல மிஞ்சியிருந்த கடைசி ஆள் பேடி ப்ரென்டர்காஸ்ட், 2021 செப்டம்பர்ல 95 வயசுல இறந்தாரு. டிரோன் கவுன்ட்டிகிட்ட மேயோ ஃபைனல் தோத்து ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு. சாபம் உண்மைன்னா அன்னையோட முடிஞ்சிருக்கணும். அதுக்கப்புறம் என்னாச்சு? 2022 காலிறுதியில கெர்ரிகிட்ட தோல்வி, 2023ல டப்ளின்கிட்ட, 2024ல காலிறுதிக்கே போகாம இதே காசில்பார்ல டெரிகிட்ட பெனால்டில தோல்வி, இப்ப கேவன். சாபம் இருந்தப்பதான் ஃபைனலாவது போனாங்க! இதைச் சொன்னதும் அங்கிள் முதல் தடவையா சிரிச்சாரு. அப்புறம் ஆத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாரு, ஃபைனல் தோத்த காலம்தான்டா நல்ல காலம், செப்டம்பர் வரைக்கும் வீட்டு வாசல்ல கொடி இருக்கும், ஆட்டுக்குக் கூட பச்சை சிவப்பு பெயின்ட் அடிப்பாங்க, லண்டன்ல இருக்குற தம்பி டிக்கெட் இருக்கான்னு போன் பண்ணுவான், இப்பல்லாம் ஜூன்லயே கொடியை மடிச்சு வெச்சுடுறோம், தம்பி போனே பண்றதில்லன்னு. நான் இந்தப் பதிவு எழுதுறதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

நடுவுல ஒமால போய் டிரோனை ஜெயிச்சுட்டாங்க. அதை நான் பாக்கல. நான் போகாததாலதான் ஜெயிச்சாங்கன்னு ஆபீஸ்ல பேச்சு.

ரெண்டாவது பயணம் ஜூன் மாசம், ராஸ்காமன், டாக்டர் ஹைட் பார்க். குரூப்போட கடைசி மேட்ச், எதிர்ல டோனிகால். டிரா பண்ணினாப் போதும், மேயோ அடுத்த ரவுண்ட். டப்ளின்ல இருந்து அங்கிள் கார்லயே ஆத்லோன் வழியா போனோம். கிரவுண்டுக்குப் பேர் குடுத்த டக்ளஸ் ஹைட் இந்தப் பக்கத்துக்காரர், அயர்லாந்தோட முதல் ஜனாதிபதி, 1938ல ஜனாதிபதியா இருந்துக்கிட்டு அயர்லாந்து போலந்து சாக்கர் மேட்ச் பாக்கப் போனாருன்னு இந்த ஆட்டத்தை நடத்துற கேலிக் சங்கம் அவரைப் புரவலர் பதவில இருந்தே தூக்கிடுச்சு. அந்நிய ஆட்டம் பாக்கக் கூடாதுன்னு ஒரு ரூல், 1971ல தான் எடுத்தாங்க. இப்ப அவர் பேர்லயே கிரவுண்ட். இந்த ஊர்க்காரங்க கோவமும் பாசமும் எனக்கு இன்னும் பிடிபடல.

மேட்ச்சு. சொல்றதுக்கே கை நடுங்குது. கடைசி வரைக்கும் முன்ன பின்ன, முன்ன பின்ன, முடியப் போற நேரத்துல மேயோ சமன் பண்ணிட்டாங்க, ஸ்டேண்டே எந்திரிச்சிடுச்சு, நான் முன்னப்பின்ன தெரியாத ஒரு அம்மாவைக் கட்டிப் பிடிச்சிருக்கேன், டிரா போதும், டிரா போதும், ஹூட்டர் அடிக்கச் செகண்டுகள்தான் பாக்கி. அங்கிள் மட்டும் உக்காந்தே இருந்தாரு, ரெண்டு கையையும் முட்டிக்கு நடுவுல வெச்சுக்கிட்டு. டோனிகால் பந்தை எடுத்துக்கிட்டு இந்த முனையில இருந்து அந்த முனைக்கு வந்தாங்க, யாரும் நிறுத்தல, கியரன் மூர் அடிச்சாரு, வெள்ளைக் கொடி. ஒரு பாயிண்ட். கேவன்கிட்ட தோத்ததால, அடுத்த ரவுண்டுக்குப் போதுமா இருந்த குரூப்போட மூணாவது இடமும் போச்சு, வருஷமே முடிஞ்சுது.

யாரும் அழல, திட்டல. அதான் எனக்கு பயமா இருந்துச்சு. எனக்குப் பக்கத்துல எட்டு வயசு இருக்கும் ஒரு பொண்ணு, முகத்துல பச்சை சிவப்பு பெயின்ட், அப்பாகிட்ட "அப்ப நாம அவுட்டா?"ன்னு கேட்டுச்சு. அவர் ஆமாம்மா, வா சிப்ஸ் வாங்கலாம்னு கூட்டிட்டுப் போயிட்டாரு. எட்டு வயசுல ட்ரெய்னிங் ஆரம்பிக்குது.

ராஸ்காமன் ஊரை விட்டு வெளிய வரவே ஏகப்பட்ட நேரம் ஆச்சு, ஜன்னலுக்கு வெளிய கொடியை உள்ள இழுத்துக்கிட்ட கார் வரிசை. ஆத்லோன் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தி, டிக்கியைத் திறந்து, மிச்சமிருந்த ஆறிப்போன டீயை ரெண்டு கப்புல ஊத்தினாரு. டோனிகால் அதே ஜோர்ல ஃபைனல் வரைக்கும் போய் ஜூலைல கெர்ரிகிட்ட தோத்தாங்க, அன்னைக்கு அங்கிள் டிவியே போடலையாம்.

போன வாரம் ஆபீஸ்ல அங்கிள் என் டேபிளுக்கு வந்தாரு. 2026 சீசனுக்கு மேயோவோட புது மேனேஜர் ஆன்டி மோரன், அந்த தோத்த ஃபைனல்கள்ல சிலதுல ஆடினவர், 2017ல ஃபைனல் தோத்தும் அந்த வருஷத்தோட சிறந்த வீரர் விருது வாங்கினவர். அவரைப் பத்தி அங்கிள் ஏதாவது சொல்லுவாருன்னு பாத்தா, ஜனவரில லீக் ஆரம்பிக்குது, காசில்பார்ல காத்து பக்கவாட்டுல அடிக்கும், குடை தாங்காது, நல்ல ரெயின்கோட் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோன்னாரு. நேத்து போய் வாங்கிட்டேன். பச்சை கிடைக்கல, சிவப்புதான் இருந்துச்சு.