பெர்லினில் ஒரு சுவர், பழைய ஜெயில் ரோட்டில் ஒரு சுவர்

லீவுக்கு பெர்லினில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது, ஒரு நாள் வழிகாட்டியோடு சைக்கிளில் ஊர் சுற்றினோம். பத்துப் பேர், வரிசையாக, சாலையின் வலப்பக்கம். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிரேக் பிடிக்கிற சைக்கிள். பழக அரைமணி நேரம் ஆனது.

ஓரிடத்தில் வழிகாட்டி நிறுத்தி, கீழே பாருங்கள் என்றார். தார் ரோட்டின் குறுக்கே இரண்டு வரிசைக் கல். கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரித்து 1961இல் எழுந்து 1989இல் விழுந்த சுவரின் தடம். என் முன்சக்கரம் மேற்கில், பின்சக்கரம் கிழக்கில்! அப்புறம் பெர்னாவர் தெரு. அங்கே வீடு கிழக்கு, வாசலில் உள்ள நடைபாதை மேற்கு. ஜனங்கள் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பியிருக்கிறார்கள். பிறகு அந்த ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அதைக் கேட்டு அக்காவும் நானும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எனக்கு நம்ம வடசென்னை ஏரியா ஞாபகம் வந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள், கறுப்பர் நகரம் என்று அவர்கள் அழைத்த இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி மதில் கட்டி, அதற்கு வரி போட நினைத்ததில் வந்த பெயர்தான் வால்டாக்ஸ் ரோடு. அந்த மதிலின் மிச்சம்தான் பழைய ஜெயில் ரோட்டு மாடிப் பூங்கா. பாரதி மகளிர் கல்லூரியில் படித்த மூன்று வருஷமும் அதைப் பார்த்தேன். இதுதான் அந்த மதில் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வண்ணாரப்பேட்டையிலிருந்து சைக்கிளில் கிளம்புகிறேன். தெரிந்ததை நான் சொல்கிறேன், யார் யார் வர்றீங்க?