தங்கச் சிலுவை

அமெரிக்கக் கிராமத்து ஓட்டு, பைபிள் என்று பேச்செடுத்தாலே எல்லாரும் ட்ரம்பில்தான் போய் நிற்கிறோம். எனக்கு 1896 ஞாபகம் வரும்.

கோதுமை, பருத்தி விலை படுத்துவிட்டது. வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. தங்கத்தோடு வெள்ளியையும் நாணயமாக அடி, பணம் புழங்கட்டும் என்பது விவசாயிகளின் கோரிக்கை. சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு. நெப்ராஸ்காக்காரர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், வயது 36, மேடையேறுகிறார். நகரங்களைக் கொளுத்தினாலும் திரும்ப எழும்பிவிடும், வயலை அழித்தால் நகரத் தெருவெல்லாம் புல் மண்டிவிடும் என்கிறார். கடைசியில், தங்கம் மட்டுமே பணத்துக்கு ஆதாரம் என்று பிடிவாதம் பிடிப்பவர்களைப் பார்த்து, மனிதகுலத்தைத் தங்கச் சிலுவையில் அறையாதீர்கள் என்று சொல்லி, இரண்டு கையையும் விரித்துச் சிலுவை மாதிரியே நின்றார். சில நொடி நிசப்தம். அப்புறம் அரங்கமே வெடித்தது. மறுநாள் அவர்தான் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர்.

மூன்று முறை நின்றார். மூன்றிலும் தோல்வி.

அதே பைபிளோடு 1925இல் டென்னசி மாநிலம் டேட்டன் கோர்ட்டில், பள்ளியில் பரிணாமப் பாடம் கூடாது என்று வாதாடியதும் இவரேதான். நம்மில் பலருக்கு இந்தப் பிரையனைத்தான் தெரியும் (பாவம் மனுஷன்). வழக்கு முடிந்து ஐந்தே நாளில், அதே ஊரில், மத்தியானத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.