மூன்றாவது முழுமைத் திட்டம் நீரிலிருந்து தொடங்கட்டும்

சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் இலக்காண்டு 2026. அடுத்து 2027 முதல் 2046 வரையிலான இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.) இருக்கிறது. நகர வளர்ச்சி குறித்து நண்பர்களிடம் பேசும்போது பேச்சு மெட்ரோவுக்கும் மேம்பாலத்துக்கும் போய்விடுகிறதே தவிர, இந்த ஆவணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உண்மையில், நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்தில் நாளை எழப்போவது அடுக்ககமா, கிடங்கா, பள்ளிக்கூடமா என்பதை முடிவு செய்வது இதுதான். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் உருவாகும் இந்தத் திட்டம், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பயன்பாட்டைக் குறிக்கிறது: குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை, திறந்தவெளி என்று வண்ணம் பூசிய வரைபடமாக அது நம் கைக்கு வருகிறது.

என் குறை இந்த வரைபடம் தவறாக வரையப்படுகிறது என்பதன்று. நிலத்தை மட்டுமே வரைகிறது என்பதுதான். தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, மக்கள் எதில் ஏறி வேலைக்குப் போகிறார்கள், ஏழைகளுக்கு எங்கே வீடு கட்டப்படுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வேறு வேறு துறைகளின் கோப்புகளில் கிடக்கிறது. அவை ஒன்றோடொன்று மோதும் இடம் எது என்று தேடினால், பெரும்பாலும் தென்சென்னையில் வந்து நிற்போம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையே எடுத்துக்கொள்ளலாம். அறுபதுகளில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த அந்த நிலம், சுமார் 250 சதுர கிலோமீட்டர் வடிகால் பரப்பின் நீரை வாங்கிக்கொள்வது. வேளச்சேரி, மடிப்பாக்கம், நாராயணபுரம், மேடவாக்கம் ஆகிய ஏரிகளின் உபரிநீர் எல்லாம் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு என்னும் கால்வாய் வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலையைக் கடந்து, பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. சரிவு மிகக் குறைவு என்பதால் நீர் மெதுவாகத்தான் வடியும்; கடல் ஏற்றத்தில் இருந்தால் அதுவும் தடைப்படும். ஆகவே இந்த நிலத்துக்குத் தேவையானது பரப்பு, அதாவது நீர் சில நாள் அகன்று படுத்திருக்க இடம். அந்த இடத்தைத்தான் நாம் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டோம். பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, சாலைகள், பறக்கும் ரயில் பாதை, மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள், பின்னர் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் என ஒவ்வொன்றும் தனித்தனியே அனுமதி பெற்று வந்தவை. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் கடமை யாருக்கும் இருக்கவில்லை. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது சுமார் 1,248 ஹெக்டேர் மட்டுமே. பட்டியலில் சேர்ந்ததை எல்லோரும் கொண்டாடினோம், நானும்தான். ஆனால் 50 சதுர கிலோமீட்டர் என்பது 5,000 ஹெக்டேர் என்ற கணக்கை அன்று எவரும் போட்டுக் காட்டவில்லை.

இதே சதுப்பு நிலத்தின் ஓரங்களில்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் எழுந்தன. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டித் தருவது அதன் முதன்மையான வழியாக இருந்தது. 2000-க்குப் பிறகு நகருக்குள் நிலம் விலை ஏறிவிட்டது என்ற காரணத்தால், கூவம், அடையாறு கரைகளிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்கள் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் குடியேற்றப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரையிலிருந்து பலர் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டார்கள். வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுவதற்காக என்று சொல்லி, ஒரு நதியின் கரையிலிருந்து ஒரு சதுப்பு நிலத்தின் கரைக்கு மக்களைக் கொண்டுபோய் விட்டோம். வீட்டு வேலைக்கும் சுமை தூக்கவும் சந்தைக்கும் நடந்தே போய் வந்தவர்கள் இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியதாயிற்று. அந்தப் பயணத்தில் தினக்கூலியின் ஒரு பங்கும், குழந்தைகளுக்கான நேரமும் போகின்றன. வாரியத்தின் கணக்கில் இது வீடு வழங்கிய சாதனை. போக்குவரத்துக் கழகத்தின் கணக்கில் புதிய தேவை. நீர்வளத் துறையின் கணக்கில் அடைபட்ட வடிகால். மூன்றையும் ஒரே மேசையில் வைத்திருந்தால் இப்படி ஒரு இடத்தை யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

போக்குவரத்தில் இந்தக் குறையைச் சட்டமே ஒப்புக்கொண்டது. மெட்ரோ, பறக்கும் ரயில், பேருந்து, சாலை எல்லாவற்றையும் இணைக்கச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் 2010-இல் சட்டமாயிற்று; அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-இல். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது, பக்கத்திலேயே ஓடும் புறநகர் ரயில் பாதையில் அதற்கென ஒரு நிலையம் இல்லை. அந்த முனையத்தைக் கட்டியது நகரத் திட்டமிடலுக்கே பொறுப்பான சி.எம்.டி.ஏ. என்பதுதான் எனக்கு இன்னும் விளங்காதது.

இரண்டாவது திட்டத்தில் நீர் பற்றிய அக்கறை அறவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும், திருவான்மியூருக்குத் தெற்கே கடற்கரையோர நிலத்தடி நீர் ஊறும் மணற்பரப்பிலும் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டிருந்தன. ஆனால் அவை விதிவிலக்குகளாக, வண்ண வரைபடத்தின் மேல் ஒட்டிய துண்டுகளாக நின்றன. அடிப்படை அலகு சர்வே எண்ணாகவே இருந்தது. 2015 டிசம்பரில் மூழ்கிய நகரம் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைக்க நேர்ந்ததற்கு மழையின் போக்கு ஒரு காரணம். பெய்த மழையை நிறுத்தி வைக்கும் பரப்பைத் திட்டத்தின் உள்ளடக்கமாக நாம் கருதாதது இன்னொரு காரணம்.

திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் அது அப்படியே இருப்பதில்லை. நாளிதழ்களின் உள்பக்கங்களில் சிறிய எழுத்தில் நிலப் பயன்பாட்டு மாற்ற அறிவிப்புகள் வரும்; ஊர்ப் பெயர், சர்வே எண், வேளாண்மையிலிருந்து குடியிருப்பு அல்லது தொழில் என்று மாற்றக் கோரிக்கை, ஆட்சேபணை தெரிவிக்கக் கெடு. இவற்றை வாசிப்பது எனக்கு ஒரு பழக்கம் (வீட்டில் இதற்காகக் கேலி உண்டு). அந்த சர்வே எண் எந்த ஏரியின் வரத்துக் கால்வாயை ஒட்டியது என்று ஓர் அறிவிப்பிலும் நான் கண்டதில்லை.

2022 அக்டோபரில் பெருநகரத்தின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் ஏரிப்பாசன ஊர்கள் பல இதனுள் வந்துவிட்டன. பழைய முறையிலேயே இத்தனை பரப்புக்கும் வண்ணம் பூசினால், பள்ளிக்கரணையில் அரை நூற்றாண்டில் நடந்தது அங்கெல்லாம் பத்தாண்டுகளில் நடந்துவிடும். முதலில் வடிநிலங்களையும் ஏரிச் சங்கிலிகளையும் வரைந்து, கட்டவே கூடாத இடங்களைக் குறித்துவிட்டு, அதன் மேல் ரயிலும் பேருந்தும் செல்லும் தடங்களை இட்டு, அந்தத் தடங்களை ஒட்டி ஏழைகளுக்கான வீடுகள் உட்பட அடர்த்தியான குடியிருப்புகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். சர்வே எண்ணுக்கு வண்ணம் அதற்குப் பிறகு வரட்டும். வரைவுத் திட்டத்தின் மீது பொதுமக்கள் எழுத்தில் ஆட்சேபணை தரச் சட்டம் இடமளிக்கிறது. நான் எழுதப் போவது ஒன்றுதான்: ஒவ்வொரு நிலப் பயன்பாட்டு வரைபடத்தோடும் அதே அளவில் அந்தப் பகுதியின் நீர்வழி வரைபடமும் இணைக்கப்பட வேண்டும், பின்னாளில் வரும் ஒவ்வொரு மாற்ற அறிவிப்பிலும் அந்த சர்வே எண்ணைத் தொடும் ஏரி, கால்வாய், ஓடை ஆகியவற்றின் பெயர் அச்சிடப்பட வேண்டும்.